பெத்கெலெர்ட்டை நிரலிலிருந்து எடுக்காதீர்கள்: நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், சுற்றுலாப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டு வட வேல்ஸ் கோடைச் சுற்றுலாவின் நிரலை வாட்ஸப் குழுவில் பார்த்தேன். வழக்கமாக நாம் நிற்கும் பெத்கெலெர்ட் கிராமத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு அவுட்லெட் மால் உட்கார்ந்திருக்கிறது. காரணம் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: "சின்ன கிராமம், அரை மணிக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று போன முறை வந்தவர்கள் கருத்து." பொறுப்பாளர்களிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். சரி, எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

அரை மணிக்கு மேல் ஒன்றுமில்லை என்று சொன்ன உறுப்பினர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு நாம் கொடுத்ததே அரை மணிதான். அந்த அரை மணியில் அந்த ஊரிலேயே மிகப் புதிதாகச் சோடிக்கப்பட்ட ஒன்றைக் காட்டிவிட்டு, மிகப் பழையதை அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காட்டாமல் கூட்டி வந்தோம். என் வழக்கே இதுதான்.

போன கோடையில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே மைக்கில் அறிவிப்பு: "நாய்க் கல்லறைக்குப் போய் போட்டோ எடுத்துக்கோங்க, ஐஸ்கிரீம் வாங்கிக்கோங்க, நேரத்துக்கு வண்டிக்கு வந்துடுங்க." கழிப்பறை வரிசையிலேயே பலருக்குப் பாதி நேரம் கரைந்தது. மீதி நேரத்தில் ஆற்றோரப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போய், வயலுக்கு நடுவே மரத்தடியில் வேலிக்குள் நிற்கும் கல்லுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றோம். கதை மைக்கிலேயே சொல்லப்பட்டிருந்ததால், அங்கே ஸ்லேட் பலகையில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் செதுக்கி வைத்திருப்பதைக்கூட யாரும் நின்று படிக்கவில்லை.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டு. வட வேல்ஸை ஆண்ட லிவெலின் வேட்டை முடிந்து திரும்புகிறான். அவனுடைய நாய் கெலெர்ட் வாயெல்லாம் ரத்தத்தோடு வாலாட்டி ஓடி வருகிறது. உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். வாளை உருவி நாயைக் குத்திவிடுகிறான். அது கதறிய சத்தத்துக்குப் பதிலாக எங்கிருந்தோ குழந்தையின் அழுகை கேட்கிறது. பார்த்தால், குழந்தை பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஓநாய் செத்துக் கிடக்கிறது.

நம் ஊரில் பிறந்த எவருக்கும் இது எங்கேயோ கேட்ட கதை என்று தோன்றியிருக்க வேண்டும். நாய்க்குப் பதில் கீரி, ஓநாய்க்குப் பதில் பாம்பு, வாளுக்குப் பதில் தண்ணீர்க்குடம் அல்லது உலக்கை. பஞ்சதந்திரத்தில் உள்ள கதை. அதைவிட நமக்கு நெருக்கமாக, சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே இது வருகிறது. கோவலன் செய்த நல்ல காரியங்களை மாடலன் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழிக்காகக் கணவன் கைவிட்டுப் போன பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்துப் பாவம் போக்கி, கணவனோடு சேர்த்து வைத்ததையும் சொல்கிறான். பஞ்சதந்திரம் பாரசீகம், அரபி, லத்தீன் என்று மொழி மொழியாக மேற்கே போனது. போன வழியில் கீரி நாயானது. வேல்ஸில், தன் வேட்டைநாயைக் கொன்றவனைப் போல வருந்தினான் என்று பழமொழியே உண்டு. கதை ஊருக்கு வந்துவிட்டது. கல்லறைதான் பாக்கி இருந்தது.

அந்தப் பாக்கியைத் தீர்த்தவர் டேவிட் பிரிச்சார்ட். 1793 வாக்கில் தெற்கு வேல்ஸிலிருந்து இங்கே வந்தவர். ஊரில் இன்றும் நடக்கும் ராயல் கோட் ஹோட்டலின் முதல் நிர்வாகி. பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போக முடியாத ஆங்கிலேயப் பணக்காரர்கள் மலையும் அருவியும் தேடி வேல்ஸுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். வருகிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும், அப்போதுதான் இரவு தங்குவார்கள். ஊர்ப் பெயரோ ஏதோ ஒரு கெலெர்ட்டின் கல்லறை என்று பொருள்படுவது. அநேகமாக அந்தப் பெயருடைய பழங்காலத் துறவி ஒருவரைக் குறித்திருக்கும் என்பார்கள். பிரிச்சார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கல்லைக் கொண்டுவந்து வயலில் நட்டார்கள். 1800இல் ஒரு ஆங்கிலக் கவிஞர் இந்தக் கதையைப் பாட்டாக எழுதினார், பின்னர் புகழ்பெற்ற ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹெய்டன் அதற்கு இசையமைத்தார். அப்புறம் என்ன, கல்லறை நிலைத்துவிட்டது. இருநூறு வருஷம் கழித்து நம் கோச்சும் அங்கே போய் நிற்கிறது.

பிரிச்சார்டை நான் திட்டவில்லை. தொழில் தெரிந்த மனிதர். கல்லறையைப் பார்க்கவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுற்றுலா வியாபாரத்துக்காக நட்ட கல்லுக்கே இருநூறு வயது ஆகிவிட்டால் அதுவும் ஒரு பழம்பொருள்தான். ஆனால் அந்தக் கல்லை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று சங்கத்தின் பெயரில் எழுதி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வயலுக்கு மிக அருகிலேயே ஒரு சர்ச் இருக்கிறது. மேரி மாதாவின் பெயரில் உள்ள சர்ச். வெளியிலிருந்து பார்த்தால் சிறியது, உயரமான கோபுரம் கிடையாது, சாம்பல் நிறக் கல், ஸ்லேட் கூரை. கண்ணில் படாமல் கடந்து போக மிகச் சுலபம். நாம் கடந்துதான் போனோம். ஒரு துறவிமடத்தில் மிஞ்சியிருக்கும் பகுதி அது. மடத்தின் மற்றக் கட்டடங்கள் போய்விட்டன, வழிபாட்டுக் கூடம் மட்டும் ஊர்ச் சர்ச்சாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. முதலில் வேல்ஸ் நாட்டுக்கே உரிய பழைய முறைப்படி வாழ்ந்த ஒரு துறவிக் கூட்டம் இங்கே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் அகஸ்தீனிய ஒழுங்கை, அதாவது புனித அகஸ்தீன் பெயரால் வழங்கும் துறவற விதிகளை, ஏற்றுக்கொண்டார்கள். வட வேல்ஸின் அரசர்கள் அவர்களுக்கு ஆதரவாக இருந்தார்கள். கதையில் நாயைக் கொன்ற அதே லிவெலினின் ஆட்சிக்காலம்தான். அவன் காலத்துச் சுவர் நிஜமாகவே நிற்கிறது. நாமோ அவன் பெயரில் இட்டுக்கட்டிய கல்லுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

1286இல் பேங்கர் பிஷப் அனியன் இந்த மடத்துக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மடம் தீப்பிடித்து நாசமாகியிருந்தது. சீரமைக்க அரசர் முதலாம் எட்வர்டும் உதவியிருந்தார். வேல்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் பார்ட்சி தீவில் உள்ளதை விட்டால் வேல்ஸ் முழுவதிலும் மூத்த மடம் இதுதான் என்கிறது அந்தக் கடிதம். ஏழைகளுக்கும், இங்கிலாந்துக்கும் மேற்கு வேல்ஸுக்கும் நடுவிலும், அயர்லாந்துக்கும் வட வேல்ஸுக்கும் நடுவிலும் போய்வரும் வழிப்போக்கர்களுக்கும் சோறும் தங்க இடமும் கொடுக்கும் மடம் என்றும் சொல்கிறது.

இந்தக் கடைசி விவரம் தெரிந்தபிறகுதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. இன்று தெற்கே கடலோர ஊரான போர்த்மடாக் பக்கம் பச்சையாக விரிந்து கிடக்கும் சமவெளி அந்தக் காலத்தில் கடல் ஏறி இறங்கும் சேற்றுமணல். 1811இல் வில்லியம் மடாக்ஸ் அணை கட்டிக் கடலை மறிக்கும் வரை, ஊருக்குத் தெற்கே இருக்கும் அபெர்கிளாஸ்லின் பாலம் வரை கடல் நீர் ஏறி வந்தது. மணலில் இறங்கினால் வழி தவறலாம், அலையில் மாட்டலாம். மேலே மலை. நடுவில் இரண்டு ஆறுகள் சேரும் இந்த முனையில் நடந்து களைத்தவன் ஒதுங்க ஒரு கூரை இருந்தது. மடத்தை எட்டாம் ஹென்றி காலத்தில் கலைத்துவிட்டார்கள். வழிப்போக்கன் வருவது மட்டும் நிற்கவில்லை. மடத்துக்குப் பிறகு விடுதிகள் வந்தன, விடுதிகளுக்கு ஆள் சேர்க்க நாய்க் கதை வந்தது, ரயில் வந்தது, கடைசியில் நம் கோச் வந்தது. எண்ணூறு வருஷமாக வருகிறவனை உட்காரவைத்துப் பழகிய ஊரில் உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தது நாமாகத்தான் இருப்போம்.

அன்றைக்கு எல்லோரும் ஐஸ்கிரீமுக்கு நின்றபோது, உறுப்பினர் ஒருவரின் அப்பா "எனக்கு சர்க்கரை, நான் அங்க நின்னு என்ன பண்ணப் போறேன்" என்று என்னோடு சர்ச்சுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போனதும் வடக்குப் பக்கச் சுவரில் இருக்கும் இரட்டை வளைவுகளுக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வளைவின் விளிம்பில் குழியும் மேடுமாக ஓடும் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "பாரும்மா, இது ஒரே கல்லு இல்ல. தனித்தனிக் கல்லு. ஒவ்வொண்ணுலயும் இந்தப் பள்ளத்தைத் தனியா கீழ வச்சே கொத்தியிருக்கான். மேல ஏத்திச் சேர்த்தப்போ கோடு விலகாம வந்து உக்காந்திருக்கு. அச்சு வெட்டி வச்சுத்தான் செஞ்சிருப்பான்." பிறகு கிழக்குச் சுவரைப் பார்த்தார். உயரமான, ஒடுங்கிய மூன்று சன்னல்கள் பக்கம் பக்கமாக நிற்கும். சன்னல் கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சுவரின் கனத்தைப் பார்த்தார். வெளிப்பக்கம் குறுகலாகவும் உள்பக்கம் அகலமாகவும் சுவரைச் சரித்து வெட்டியிருப்பதைக் காட்டி, "சின்ன ஓட்டை, ஆனா எவ்வளவு வெளிச்சம் உள்ள வருது பாரு" என்றார். 19ஆம் நூற்றாண்டில் சீரமைத்த இடங்கள் எவை, பழைய வேலை எது என்று அவரே பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் என் கைப்பேசியில் அழைப்பு: வண்டி கிளம்புகிறது, எங்கே இருக்கிறீர்கள்?

வண்டியில் ஏறியதும் ஒருவர் கேட்டார், "நாம என்ன சர்ச் டூரா போறோம்?" கேட்டவர் யாரென்று இங்கே தேவையில்லை. ஆனால் குழுவிலும் அந்த எண்ணம் இருக்கிறது என்று பின்னால் தெரிந்ததால் பதில் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நம் வெள்ளைக்கார நண்பர்களைக் கூட்டிப்போகும்போது அவர்கள் மதம் கேட்டா உள்ளே அனுப்புகிறோம்? ராஜராஜன் கட்டியது, கல் எங்கிருந்து வந்தது, விமானம் எத்தனை அடி என்று மூச்சுவிடாமல் சொல்கிறோம். அவர்கள் வாய் பிளந்து பார்த்தால் நமக்குப் பெருமை. அதே மரியாதையை ஒரு சின்ன ஊர் தன் மூத்த கட்டடத்துக்கு எதிர்பார்த்தால் தப்பா? நம் சங்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சர்ச்சுக்குள் போக வேண்டாம் என்று எந்த உறுப்பினரும் எழுத்தில் கேட்டதாக எனக்குத் தெரியாது. கேட்காத ஒன்றை ஊகித்துக்கொண்டு நிரலைத் தீர்மானிக்காதீர்கள்.

கோட்டைகள் விஷயத்துக்கு வருகிறேன். கான்வியும் கர்னாவனும் ஒவ்வொரு முறையும் நிரலில் உண்டு, இந்த முறையும் உண்டு. எனக்கும் பிடித்த கோட்டைகள்தான், யுனெஸ்கோ 1986இலேயே பட்டியலில் சேர்த்தவை. ஆனால் நம் கையேட்டில் அவற்றை "வேல்ஸ் மன்னர்களின் கோட்டைகள்" என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் கட்டியவர் முதலாம் எட்வர்ட், வேல்ஸைப் பிடித்த ஆங்கிலேய அரசர். 1282 டிசம்பரில், நாய்க் கதை லிவெலினின் பேரனான, 'கடைசி லிவெலின்' எனப்படும் இன்னொரு லிவெலின் கொல்லப்பட்டான். 1283இல் இரண்டு கோட்டைகளுக்கும் வேலை தொடங்கியது. கான்வி கோட்டைக்கும் ஊருக்கும் இடம் வேண்டும் என்று அங்கிருந்த மடத்தையே வேறு ஊருக்குத் தூக்கி அனுப்பினார் எட்வர்ட். அந்த மடத்தில்தான் நம் நாய்க் கதையின் லிவெலின் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். அவனுடையது என்று சொல்லப்படும் கல்சவப்பெட்டி இன்று லான்ருஸ்ட் ஊர்ச் சர்ச்சில், தரையில், மூடியில்லாமல் கிடக்கிறது.

ஆக, தோற்றவர்களின் ஊரில் இருப்பதை வெட்டிவிட்டு, வென்றவர் கட்டியதை மட்டும் காட்டி, அதையும் தோற்றவர்களின் கோட்டை என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். வெல்ஷ்காரர் யாராவது நம் கையேட்டைப் படித்தால் என்ன நினைப்பார்? யாழ்ப்பாணத்துக் கோட்டையைக் காட்டி, இது யாழ்ப்பாண மன்னர்கள் கட்டியது என்று யாராவது கையேடு போட்டால் நம் குழுவில் பாதிப் பேர் அன்றைக்கே மறுப்பு எழுதுவார்கள். நானும் எழுதுவேன்.

சர்ச்சைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் அழகு. கோல்வின் ஆற்றின் மேல் இரண்டு வளைவுக் கல்பாலம். அதன் மேல் நின்றால் முழு ஊரும் கண்ணுக்குள் அடங்கும். பாலத்தருகே டி இசாவ் என்ற 17ஆம் நூற்றாண்டு வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நீண்ட காலம் கடை நடத்திய இடம். வீடுகள் பெரும்பாலும் கருத்த, கரடுமுரடான மலைக்கல். சில சுவர்களின் அடிவரிசையில் ஒரு ஆள் தனியாகப் புரட்ட முடியாத குண்டுக்கற்கள் இருக்கும். கூரையெல்லாம் ஸ்லேட். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஸ்லேட் நிலப்பரப்பு இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததுதான். ராயல் கோட் ஹோட்டலை இப்போது சொன்ன கதையோடு பார்த்தால் தனிச் சுவை, எதிரே நின்று பிரிச்சார்டுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வரலாம். ரயில் நிலையத்தை மறக்க வேண்டாம். 1923இல் இந்த ஊருக்கு வந்து, 1930களிலேயே மூடப்பட்ட குறுகிய பாதை, 2009இல் மறுபடி இங்கே வந்து சேர்ந்தது. பழைய நீராவி எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு வளைந்து வருவதைப் பார்க்கத் தனி டிக்கெட் தேவையில்லை.

கல்லறைக்கு அருகே கூரையில்லாத ஒரு பாழடைந்த கல்வீடு இருக்கிறது. அதற்குள் வெண்கலத்தில் ஒரு நாய் சிலை. போன முறை பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டு வெளியே வரமாட்டேன் என்றார்கள். அடுப்பு எந்த மூலையில் இருந்திருக்கும், எத்தனை பேர் இதற்குள் படுத்திருப்பார்கள், கதவு ஏன் இவ்வளவு குட்டை என்று கேள்விமேல் கேள்வி. கல்லறையில் நாயே இல்லை என்று நான் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எதுக்கு ஆன்ட்டி வேலி போட்டிருக்காங்க, தப்பிச்சுப் போயிடும்னா?" பிள்ளைகளுக்கு போரடிக்கும் என்று நிரலைப் பற்றி எழுதிய அன்பர் இவளிடம் ஒரு பத்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

வயதானவர்களுக்கு நடக்க முடியாது என்ற காரணமும் வந்தது. ஊருக்குள் எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிறது. ஆற்றோரப் பாதை ஏறக்குறைய சமதரை. கான்வி கோட்டையின் சுருள் படிக்கட்டுகளில் ஏற்றி இறக்கும்போது வராத கவலை இங்கே மட்டும் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவுட்லெட் மாலில் நடக்கும் தூரம் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும், கையில் பைகள் வேறு.

மழை, பார்க்கிங், சாப்பாடு எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் இருக்கும் தலைவலிதான். அதைப் பற்றி எழுதி நீட்ட விரும்பவில்லை.

நான் கேட்பது இவைதான். பெத்கெலெர்ட்டை இந்த ஆண்டு நிரலில் மறுபடி சேருங்கள், குறைந்தது இரண்டரை மணி நேரத்தோடு. புளிசாதப் பொட்டலத்தை மோட்டார்வே சர்வீஸில் பிரிக்காமல் அந்த ஆற்றங்கரையில் பிரித்தால் அதற்கான நேரமும் இதிலேயே அடங்கிவிடும். குப்பையை நாமே வண்டிக்கு எடுத்து வருவோம் என்பதையும் நிரலில் ஒரு வரி சேருங்கள். போன முறை விட்டு வந்தது எனக்குத் தெரியும். அவுட்லெட் மால் வேண்டும் என்கிறவர்களுக்குத் திரும்பும் வழியில் விருப்பம்போல் ஒரு நிறுத்தம் வையுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை.

சர்ச்சுக்குள் போவதை நிரலில் எழுத்தில் போடுங்கள். வேண்டாம் என்கிறவர்கள் வெளியே பாலத்தில் நிற்கட்டும், யாரையும் யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு கோச் நிறைய ஆட்களோடு திடீரென்று போய் நிற்பது மரியாதை ஆகாது. அன்றைக்குத் திருமணமோ அடக்கமோ வழிபாடோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போகும்போது சங்கத்தின் சார்பில் ஒரு நன்கொடையும் கொடுங்கள். கோட்டைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் எடுக்கிறோம். இந்தச் சுவர்களைக் கைச்செலவில் நிற்க வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு பங்காவது போகட்டும்.

மைக்கில் நாய்க் கதையைச் சொல்கிறவர், அது எங்கிருந்து வந்தது, கல்லை யார் நட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீரிப்பிள்ளையைச் சொல்லாமல் அந்தக் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்வது நியாயமே இல்லை. கையேட்டில் கான்வி, கர்னாவன் பற்றிய பத்தியைத் திருத்துங்கள். லான்ருஸ்ட் நம் வழியில் வருமென்றால், அந்தக் கல்சவப்பெட்டியைப் பார்க்க ஒரு சின்ன நிறுத்தத்துக்கு ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள்.

கோடை நிரல் பொதுக்குழுவில் ஒப்புதலுக்கு வருகிறது. அதற்கு முன்பே, திருத்திய நிரலையோ அல்லது ஏன் திருத்த முடியாது என்ற காரணத்தையோ இதே வாட்ஸப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். சர்ச்சுக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலையும், கையேட்டில் திருத்த வேண்டிய பத்திகளையும் நான் எழுதி முடித்து வைத்திருக்கிறேன். சங்கத்தின் பெயரில் அனுப்பச் செயலாளர் அனுமதி கொடுத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருத்தி